மாடிக்கு இரண்டு பேர்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது நகராட்சி. அதை மறைத்து வைத்துக் கடைசிப் பக்கத்தில் போட்டு உடைக்கலாமா என்று கை துறுதுறுத்தது. வாராவாரம் யாரையாவது மொட்டை மாடியிலிருந்து தள்ளிவிட்டு 'தள்ளியது யார்?' என்று முடித்தே பழகிய கை. ஆனாலும் இந்தச் சங்கதியை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் உங்களுக்கு நான் தருகிற மரியாதை.

சமூக மேம்பாட்டுப் பிரிவிலிருந்து ஓர் அலுவலர் வீட்டுக்கு வந்தார். முப்பது வயதுக்குள். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பல ஊர், பல மொழி ஆட்கள் நெருக்கியடித்து வாழ்கிற, வசதி குறைந்த குடியிருப்புகளில் ஆளுக்கொரு தலைவரைக் கண்டுபிடித்துப் பத்து வாரம் பயிற்சி கொடுக்கிறார்களாம். தேறியவர்களின் வெற்றிக் கதைகளைச் சிறு புத்தகமாகப் போடப்போகிறார்களாம்.

"விறுவிறுப்பா இருக்கணும் சார். அறிக்கை மாதிரி எழுதினா எங்க ஆபீஸ்லயே யாரும் படிக்கறதில்ல."

"வில்லன் யாராவது உண்டா?"

கொஞ்சம் யோசித்தார். "இல்ல சார். எல்லாரும் நல்லவங்கதான்."

அந்த இடத்திலேயே கும்பிட்டு அனுப்பியிருக்க வேண்டும். காபி போடச் சொல்லிவிட்டேன்.

அவர் கேட்டது எண்ணூறு வார்த்தை. நீங்கள் இப்போது படிப்பது அந்த எண்ணூறு அல்ல. அதை அவருக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் போவதில்லை. ஏன் என்பதுதான் இனி.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

படீரென்று லிஃப்ட் நின்றது. விளக்கு அணைந்தது. அந்த இருட்டில் அவளைத் தவிர இன்னொருவரின் மூச்சுச் சத்தம்—

(அடித்துவிட்டேன். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் பதினோரு மாதமாக ஓடவே இல்லை. ஓடாததை எப்படி நிறுத்துவது?)

இரண்டாவது:

பிறவியிலேயே தலைமைப் பண்புகள் வாய்க்கப்பெற்ற அந்தப் பெண்மணி, எளிய குடும்பத்தில் பிறந்து—

(இது அலுவலர் மாதிரிக்கு அனுப்பிய வாக்கியம். 'வாய்க்கப்பெற்ற' வரைக்கும் தட்டச்சு செய்தேன். அதற்கு மேல் விரல் ஒத்துழைக்கவில்லை.)

மூன்றாவது, கண்ணால் பார்த்தது:

காலை ஆறே கால். ஏழாம் மாடி நடை. கைவைத்த இரும்பு நாற்காலியில் ஒரு கனத்த மனிதரை உட்காரவைத்து, பழைய பஸ் இருக்கையிலிருந்து கழற்றிய பெல்ட்டால் இடுப்பைச் சுற்றி இறுக்குகிறாள் ஒருத்தி. அவள் பஸ் டிரைவர். நாற்பத்தாறு வயது. பேச்சில் யார் வேகமெடுத்தாலும் 'ஒரு நிமிஷம்' என்று ஒரே மிதியில் நிறுத்திவிடுவதால் கட்டடம் முழுக்க அவளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர்.

நாற்காலிக்காரருக்கு மகாராஜா என்று பெயர். உயர்ந்த கட்டடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடித்தவர். இப்போது சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை, காலில் வலுவில்லை. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஆறரைக்கு ஆஸ்பத்திரி வேன் வாசலில் வந்து ஐந்து நிமிஷம் நிற்கும். அதற்குள் அவர் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேன் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடும்.

லிஃப்ட் செத்த முதல் வாரத்திலிருந்தே ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. மாடிக்கு இரண்டு பேர். ஏழாம் மாடியில் பிரேக் அக்காவும் அவள் மகளும் தூக்கி ஆறாம் மாடியில் இறக்குவார்கள். அங்கே ஹோட்டல் சமையல்காரரும் அவர் மச்சானும் வாங்கிக்கொண்டு ஐந்துக்கு. ஐந்தில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா தங்கை. நாலில் வாட்ச்மேனும் அவர் மனைவியும். இப்படியே வாசல்வரை. உன் மாடியை முடித்தால் நீ போய்ப் பல் தேய்க்கலாம்.

யார் இதை ஆரம்பித்தது என்று மாடி மாடியாய்க் கேட்டேன். எல்லோரும் அடுத்த மாடியைக் கைகாட்டினார்கள்.

ஐந்தாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. படியில் செருப்பு விடுவது தொடர்பாக மூன்று வருஷச் சண்டை. நாற்காலியை மாற்றிக்கொள்ளும்போதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஒரு தடவைகூட நாற்காலி காத்திருந்ததில்லை. ஒவ்வொரு மாடியும் தன் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணித்தான் தூக்கும்.*

"அஞ்சு பாஷை தெரியும் எனக்கு. ஒவ்வொண்ணுலயும் மூணு வரைக்கும்" என்றார் மகாராஜா என்னிடம். "நாலு என்னன்னு ஒருத்தரும் சொல்லித் தரல."

* என் கதையில் எல்லோரும் தமிழ்தான் பேசுவார்கள். தொடர்கதையில் வெளிநாட்டு உளவாளியே சரளமாகத் தமிழ் பேசும்போது ஒரு சமையல்காரர் பேசினால் என்ன?

3

இனி தலைமை.

ஏழு மாடி, ஐந்து மொழி உள்ள கட்டடத்தோடு நகராட்சி பேச வேண்டுமென்றால் அதற்கு ஒரு போன் நம்பர் வேண்டும். குறை சொல்லவில்லை, எனக்கே வேண்டும்; இந்தக் கதையை ஏழு பேர் வாயால் சொல்லத் தெரியாமல்தானே ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு போகிறேன். அலுவலர்கள் பிரேக் அக்காவைப் பிடித்தார்கள். நேரம் தவறாதவள். அலுவலக மொழி பேசுவாள்.

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. கதாநாயகி என்றால் பதவியை உதற வேண்டாமா? இவளுக்குப் பிடித்திருந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்குச் சனிக்கிழமைதோறும் பெயர் எழுதிய பலகை வைத்த மேஜை. பணிமனையில் வண்டியைத் துடைக்கும்போது பின்கண்ணாடியைப் பார்த்து "அனைவருக்கும் வணக்கம்" என்று சொல்லிப் பார்ப்பாள். சக டிரைவர்கள் "வணக்கம் தலைவி, டீசல் போட்டாச்சா?" என்பார்கள்.

மகள் இன்னும் மோசம்.

"அம்மா, சர்டிஃபிகேட் மாட்ட ஆணி அடிச்சுட்டேன்."

"வாங்கிட்டு வந்தப்புறம் அடிச்சா போதாதாடி?"

"அப்புறம் நீ தலைவி ஆயிடுவ. ஆணி அடிக்க மனு எழுதிக் குடுன்னுவ."

ஆறாம் வாரம் ஒரு வீட்டுப்பாடம். 'உங்கள் பகுதியில் என்ன இல்லை என்பதை மறந்துவிடுங்கள். என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.' அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இல்லாததை எழுதச் சொன்னால் ஒரு நோட்டு நிரப்பியிருப்பாள். இருப்பதை யாரும் இதுவரை கேட்டதில்லை. இரண்டு பக்கம் என்னென்னவோ எழுதிவிட்டு, மூன்றாம் பக்கத்தில் இதை எழுதினாள்:

'லிஃப்ட் இல்லாவிட்டாலும் எங்கள் நோயாளியை ஏழு மாடியும் சேர்ந்து பத்திரமாகக் கீழே கொண்டுவருகிறோம். ஒரு நாளும் தவறியதில்லை.'

வகுப்பில் படித்தபோது கைதட்டினார்கள். அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய்க் கண்ணீர் என்று எழுத ஆசைதான். நிஜமாகவே துடைத்தார்.

4

(இந்த இடத்தில் ஒரு மர்மத் தொலைபேசி அழைப்பு வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. நடந்ததே போதும்.)

ஐந்தாம் மாடி அக்கா தங்கை வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். வேறு ஊரில் வேலை. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டது. சமையல்காரரும் மச்சானும் இரண்டு மாடி சேர்த்துத் தூக்கினார்கள். ஒன்பது நாள் ஒன்றும் ஆகவில்லை. பத்தாம் நாள், ஐந்துக்கும் நாலுக்கும் நடுவே, முன்னால் பிடித்திருந்த சமையல்காரருக்குக் கால் இடறியது. நாற்காலி சாய்ந்தது. பெல்ட் பிடித்துக்கொண்டது, தோள் சுவரில் மோதியது. நிமிர்த்தி, மூச்சு வாங்கி, வாட்ச்மேன் ஓடிவந்து கைகொடுத்துக் கீழே வந்து சேர்ந்தபோது வாசல் காலி. வேன் போய்விட்டது.

வேறு வண்டி பிடித்துப் போனார்கள். அன்றைக்கான இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். மறுநாள் மத்தியானம் மகாராஜாவுக்கு மூச்சுத் திணறல். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது நாற்காலியில் பாதிதான் நிறைந்திருந்தார்.

சமையல்காரர் எதிரில் வரவே வெட்கப்பட்டார்.

"வாய்யா இங்க" என்றார் மகாராஜா. "இப்ப கனம் குறைஞ்சிருக்கேன். உனக்காகத்தான்."

மகாராஜாவின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பிரேக் அக்காவைத் தனியே கூப்பிட்டாள். "நீதானே தலைவி? லிஃப்ட் எப்ப வருதுன்னு கேட்டுச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

5

நகராட்சி அலுவலகம், மூன்றாம் மாடி, சமூக மேம்பாட்டுப் பிரிவு.

"தம்பி, ரிப்பேர் பட்டியல்ல எங்க லிஃப்ட் நாலாவது இடத்துல இருந்துச்சே. இப்ப எத்தனாவது?"

அலுவலர் திரையைப் பார்த்தார். தண்ணீர் எடுத்து அவள் பக்கம் வைத்தார். "முப்பத்தெட்டுக்கா."

"மொத்தம்?"

"நாப்பத்தொண்ணு."

"ஒரு நிமிஷம். நாலு எப்படி முப்பத்தெட்டாகும்?"

"மாற்று ஏற்பாடு இல்லாத கட்டடங்களுக்கு முதல்ல, அதான் விதி. தப்பான விதி இல்லக்கா. ஒரு பிளாக்ல ஒரு அம்மா நாலு மாசமா வாசலைத் தாண்டல."

"எங்களுக்கு மாற்று ஏற்பாடு இருக்குன்னு எவன் சொன்னான்?"

அவர் கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். பக்கம் மூன்று. அவள் கையெழுத்து. 'ஒரு நாளும் தவறியதில்லை' என்ற வரிக்குக் கீழே யாரோ பச்சை மையில் கோடு போட்டிருந்தார்கள்.

அவள் அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். வகுப்பில் கேட்ட கைதட்டல் நினைவுக்கு வந்து காது சூடானது.

"இப்ப தவறிடுச்சு தம்பி."

"அதை எழுதிக் குடுங்க. அடுத்த ஆய்வுல வெக்கச் சொல்றேன்."

"அது எப்ப?"

"மூணு மாசம்."

"அதுவரைக்கும் அவரு?"

அலுவலர் ஏளனமாகப் புன்னகைத்து—

(அடித்துவிட்டேன். அவர் புன்னகைக்கவில்லை. எனக்கு வில்லன் பஞ்சம், அதற்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? "பட்டியல் பராமரிப்புப் பிரிவுல, ரெண்டாம் மாடில இருக்கு. நான் மூணாம் மாடி. சொல்லிப் பாத்துட்டேன்கா" என்றார். அடுத்த செவ்வாய் சர்டிஃபிகேட் விழா, கட்டாயம் வாருங்கள், மேலே இருப்பவர்கள் உங்களைத்தான் பார்க்க வேண்டுமென்கிறார்கள் என்றும் சொன்னார். கொஞ்சமும் கள்ளமில்லாமல் அவர் இதைச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.)

6

ஞாயிற்றுக்கிழமை ஏழாம் மாடி நடையில் எல்லோரையும் கூப்பிட்டாள். மகாராஜா வீட்டுக் கதவு திறந்திருந்தது. நாற்காலியை வாசற்படி வரை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் தலை நிமிர்ந்து முழங்கினாள்: "இத்தனை காலம் நாம் பொறுத்தது போதும்—"

(அப்படி ஒன்றும் முழங்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, படியைப் பார்த்துச் சொன்னாள்.)

"தப்பு என்னுது. நாம தூக்கறதப் பெருமையா எழுதிக் குடுத்தேன். அதைக் காட்டித்தான் லிஃப்ட்டைப் பின்னால தள்ளிட்டாங்க."

வாட்ச்மேனுக்கு இது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் மனைவி அவர் மொழியில் விளக்கினாள். "அப்ப நாம தூக்கறதாலதான் லிஃப்ட் வரலையா?"

"ஆமா."

"நிறுத்திட்டா வருமா?" என்றார் சமையல்காரர். கேட்ட உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நிறுத்துங்க" என்றாள் மகாராஜாவின் மனைவி. "நான் முதுகுல கட்டிக்கிட்டு எறங்கறேன்."

"சர்டிஃபிகேட் வேணாம்னு சொல்லிடப்போறேன்" என்றாள் பிரேக் அக்கா. சொல்லும்போது குரல் இறங்கியது. மகள் அவளைப் பார்த்தாள். கிண்டல் செய்யவில்லை.

மகாராஜா தொண்டையைச் செருமினார். "நீ வேணாம்னா லிஃப்ட் வந்துருமா?"

"வராது."

"அப்புறம் எதுக்கு ரோஷம்? விழாவுக்குப் போ. நானும் வரேன்."

"எங்க வரீங்க?" என்றாள் மனைவி. "உங்கள வெச்சு வேடிக்கை காட்டவா?"

"இருபத்தாறு வருஷம் கட்டடத்துக்கு வெளிய கயித்துல தொங்கினவன். போறவன் வரவனெல்லாம் அண்ணாந்து பாத்தான். இனிமேலா வெட்கம்?" பெல்ட்டைத் தட்டிப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை எனக்கு ஆஸ்பத்திரி இல்ல. சும்மாத்தான் இருக்கேன்."

இந்த யோசனை பிரேக் அக்காவுக்கு வந்ததாக எழுதினால் கதை இறுக்கமாக இருக்கும். பயிற்சி பெற்ற தலைவி, பக்காவான திட்டம், ஒரே கோடு. எழுதிப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து இதையும் பிடுங்க மனசு வரவில்லை.

7

நகராட்சிக் கட்டடத்தின் லிஃப்ட் மிக நல்ல லிஃப்ட். உள்ளே முழுநீளக் கண்ணாடி. மணி அடித்துக் கதவு திறந்தது.

"சார், லிஃப்ட் இருக்கு" என்றார் காவலாளி.

"பாத்தேம்ப்பா. நல்லா இருக்கு" என்றார் மகாராஜா.

சமையல்காரரும் மச்சானும் அவரைப் படி வழியாகத் தூக்கினார்கள். விழாவைப் பற்றி எழுத அழைக்கப்பட்டிருந்த நான் நோட்டும் கையுமாகப் பின்னால். முதல் மாடி நடையில் நாற்காலியை இறக்கிவிட்டுச் சமையல்காரர் கையைத் துடைத்தார்.

"எங்க மாடி முடிஞ்சுது."

அது உரிமம் வழங்கும் பிரிவு. வரிசையாக மேஜைகள். தலைகள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்தன.

"இந்த மாடில ரெண்டு பேரு வாங்க" என்றார் மகாராஜா, பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கிற குரலில். "ரெண்டாம் மாடி வரைக்கும் போதும். எங்க லிஃப்ட் பட்டியல் அங்கதான் இருக்காம். அதுல நாங்க தவறுனதே இல்லன்னு ஒரு வரி இருக்கு. அதை அடிக்கணும்."

யாரும் எழவில்லை. யாரும் உட்கார்ந்த மாதிரியும் இல்லை. கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் வந்தார். "இப்படியெல்லாம் தூக்கக் கூடாதுங்க. விழுந்தா யார் பொறுப்பு?"

"எங்க படியில விழுந்தாரு மேடம்" என்றார் சமையல்காரர். "அன்னிக்கு இதக் கேக்க யாரும் வரல."

பிரேக் அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. நாற்காலி தரையில் இருந்தால் அவள் கை தானாகப் போகும். பதினோரு மாதப் பழக்கம். விரல்கள் வெளுக்கிற அளவுக்கு இறுக்கிக்கொண்டாள்.

மேலேயிருந்து அலுவலர் ஓடிவந்தார். கையில் சர்டிஃபிகேட் உறை. "அக்கா, மேல எல்லாரும் காத்திருக்காங்க."

"நாங்களும் காத்துட்டுத்தான் இருக்கோம் தம்பி."

"லிஃப்ட்ல வந்துடுங்களேன்."

"அந்த வரியை அடிச்சுட்டு வந்து சொல்லுங்க. லிஃப்ட்ல வரோம்."

"அது பராமரிப்புப் பிரிவுல இருக்கறவங்க அடிக்கணும்கா."

"அங்கதான் போறோம். மாடிக்கு ரெண்டு பேரு. நீங்க மூணாம் மாடின்னாலும் பரவால்ல, இப்ப இந்த மாடில நிக்கறீங்க."

"என் வேலை போயிடும்கா."

"போகலாம்" என்றாள் அவள். "போகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அலுவலர் மேலே பார்த்தார். கைப்பிடிச் சுவர் நெடுக முகங்கள். சர்டிஃபிகேட் உறையைப் படியில் வைத்தார். வலது சட்டைக் கையை மடித்தார்; பிறகு இடது. போய் நாற்காலியின் முதுகுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

8

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

வாரப் பத்திரிகை முடிவு: உரிமப் பிரிவே எழுந்து ஓடிவருகிறது. ஆணையர் தானே பச்சை மைப் பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கிறார். அடுத்த வாரம் லிஃப்ட் மணி அடிக்கிறது. மகாராஜா உள்ளே ஏறி—

நகராட்சிப் புத்தக முடிவு: சிறு சலசலப்புக்குப் பின் விழா இனிதே நடந்தது. 'இந்த நிகழ்வு எங்கள் மக்களின் ஈடுபாட்டைக் காட்டுகிறது' என்று தலைவி குறிப்பிட்டார்.

மனசுக்குள் அழவைக்கிற முடிவு ஒன்றும் உண்டு. அதை எழுதவே மாட்டேன்.

நிஜமாக நடந்தது எனக்குத் தெரியும். அதையும் சொல்லப் போவதில்லை. ஒருத்தி அழகாக ஒரு வரி எழுதி முடித்தாள். நாலாம் இடத்து லிஃப்ட் முப்பத்தெட்டுக்குப் போனது. நான் இங்கே நல்லபடியாக முடித்தால் யாரோ பச்சைக் கோடு போட்டு, 'பார்த்தீர்களா, சமாளித்துக்கொள்கிறார்கள்' என்று இதையும் கோப்பில் வைப்பார்கள். சோகமாக முடித்தால் நீங்கள் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவீர்கள். இரண்டுக்கும் என் பேனா உதவாது. அலுவலரின் எண்ணூறு வார்த்தை வராது. வேண்டுமானால் என்மேல் வழக்குப் போடட்டும், அதையும் தொடராக எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் காட்டலாம். அன்றைய குறிப்பு நோட்டில், அலுவலர் சட்டைக் கையை மடித்த இடத்துக்குக் கீழே பக்கம் வெள்ளையாக இருக்கிறது. முதுகுப் பக்கம் பிடிக்க ஆள் வந்துவிட்டது. கால் பக்கம் வரவில்லை. பிரேக் அக்கா சுற்றிலும் பார்த்தாள். அவள் பார்வை என்மேல் வந்து நின்றது. நான் நோட்டை உயர்த்திக் காட்டினேன், வேலையாக இருக்கிறேன் என்கிற மாதிரி.

"எழுதினது போதும் சார்" என்றாள்.

நோட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. நாற்காலியின் முன்கால் இரண்டையும் பிடித்தேன். என் முகத்துக்கு நேரே மகாராஜாவின் முகம். "எழுத்தாளரே, தூக்கிப் பழக்கம் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "தெரியுது" என்றார்.

இரண்டாம் மாடிக்குப் பதினெட்டுப் படி. எட்டாவது படியில் என் முதுகு போய்விட்டது. கையை விட முடியாது, மேலேயும் போக முடியாது. இன்னும் பத்துப் படி இருக்கிறது. நீங்கள் சும்மாதானே நின்றுகொண்டிருக்கிறீர்கள், வந்து பிடியுங்கள்.